மேடையை அளந்த ஆசான் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்

 

ஆண்டுதோறும் நம் பள்ளியில் பரிசளிப்பு விழாவும் அதனையொட்டிப் பல்சுவைக் கலை நிகழ்ச்சிகளும் நடைபெறுவதை அனைவரும் அறிவீர்கள். பாட்டு, ஆட்டம், நகைச்சுவைத் துணுக்கு, மாறுவேடம், ஓரங்க நாடகம் என்று நம் பிள்ளைகள் மேடை ஏறுகின்றனர். முன்வரிசையில் நடுவர்கள் தாளும் எழுதுகோலுமாக அமர்கின்றனர். முடிவு அறிவிக்கப்பட்டதும் ஒரு பிள்ளை மகிழ்கிறது; ஒன்பது பிள்ளைகள் வாடுகின்றன. இந்த மதிப்பெண் எதற்கு வழங்கப்படுகிறது? ஒரு பிள்ளையின் கலைத்திறனை எதைக் கொண்டு அளப்பது? இவ்வினாவிற்கு விடை தேடும் பொழுது நம் நினைவிற்கு வருபவர் ஒரு பெரியார். மேடையில் தாமே நடித்தவர். பின்னர் நடிப்பைத் துறந்து, நூற்றுக்கணக்கான நடிகர்களின் திறனை அளந்து உருவாக்கியவர். அவரே நாடகத் தமிழ்த் தலைமையாசிரியர் என்று போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவர்தம் வாழ்க்கை வரலாற்றை இவ்வாண்டு மலரில் நம் மாணவர்களுக்கு எடுத்துக் கூற விழைகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

தமிழகத்தின் தென்கோடியில் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில், 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் சுவாமிகள் பிறந்தார். தந்தையார் தாமோதரத் தேவர், தாயார் பேச்சியம்மாள். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன் என்பதாகும். தந்தையார் இராமாயணத்தில் ஆழ்ந்த புலமை உடையவராதலின் இராமாயணப் புலவர் என்றே ஊரார் அவரை அழைத்தனர். எனவே சங்கரனுக்கு முதல் பள்ளிக்கூடம் வீடே. முதல் ஆசிரியர் தந்தையே.

பின்னர்ப் பழனியில் வாழ்ந்த தண்டபாணி சுவாமிகள் என்னும் பெரும்புலவரை அடைந்து இலக்கண இலக்கியங்களைக் கற்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கு அவருடன் பயின்ற மாணாக்கர் ஆவார். பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் இசைப் பாடல்களும் இயற்றும் ஆற்றல் சங்கரனுக்கு வந்துவிட்டது.

ஆயினும் புலமை மட்டும் வயிற்றை நிரப்பாது அன்றோ! தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் அவர் கணக்கராகப் பணியாற்றினார். கொளுத்தும் வெயிலில் பாத்தி கட்டி உப்பு வாரும் தொழிலாளரின் கூலியையும் மூட்டையையும் கணக்கெழுதும் வேலை அது. காலையில் பெயர் கூப்பிட்டுப் பிரட்டு எடுப்பதும், மாலையில் பாலின் நிறையைப் பதிவதும், குலைகளை எண்ணுவதும் நம் தோட்டத்து மக்களுக்குப் பழகிய காட்சிகள். உழைப்போரின் நடுவே வாழ்ந்த அந்த இளைஞர், அவர்களுடைய பேச்சையும் பாட்டையும் துன்பத்தையும் கேட்டே வளர்ந்தார். பிற்காலத்தில் எழுத்தறியாத மக்களும் விளங்கிக் கொள்ளும்படி அவர் நாடகம் எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் கருதுகின்றோம்.

இருவேறு நாடக வழிகள்

1891ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் குறிப்பிடத்தக்கதாகும். அவ்வாண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் சட்டம் பயின்றவர்; பிற்காலத்தில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தவர். பகலில் வழக்கை விசாரித்தவர், பிற வேளைகளில் நாடகத்திற்கு உழைத்தார். அச்சபையில் நடித்தோர் கற்றறிந்த நகரத்தார். நடிப்பிற்காகக் கூலி பெறாதவர்.

ஏறத்தாழ அதே காலத்தில், தம் இருபத்து நான்காம் வயதில், சங்கரதாசர் உப்பளக் கணக்கை விட்டு நாடகத் தொழிலில் புகுந்தார். இவர் சென்ற வழி வேறு. ஊர் ஊராகச் சென்று கொட்டகை அமைத்து, வசூலாகும் பணத்தைக் கொண்டு வயிறு வளர்க்கும் தொழில்முறைக் குழுக்களின் வழி அது. நடிப்பவரைக் கூத்தாடி என்று இகழ்ந்த காலம். அக்குழுக்களில் பணிபுரிந்தோருக்குச் சமுதாயத்தில் மதிப்பில்லை. புலமை மிக்க ஒருவர் அத்தகைய தொழிலைத் தேர்ந்தெடுத்தது, அக்காலத்தில் எளிய செயல் அன்று.

ராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் நாடகக் குழுவில் அவர் முதலில் சேர்ந்தார். கம்பீரமான தோற்றமும் இடிபோன்ற குரலும் அவருக்கு இயற்கையாகவே அமைந்திருந்தன. ஆகவே இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் முதலிய வேடங்களே அவருக்கு வாய்த்தன.

அக்காலக் கொட்டகை

இன்றைய பிள்ளைகள் அக்கால நாடகக் கொட்டகையைக் கண்டதில்லை. அதனைச் சிறிது விளக்குவோம். மூங்கிலும் கீற்றும் கொண்டு கட்டிய பெரிய பந்தல்; முன்னே நாற்காலி வகுப்பு, அதன் பின்னே பலகை வகுப்பு, பிறகு மண் தரை என்று கட்டணத்திற்கேற்ப இடங்கள். ஒலிபெருக்கி கிடையாது. மின்விளக்கு கிடையாது, கியாஸ் விளக்கின் ஒளியில் முகம் தெரிய வேண்டும். மேடையின் ஓரத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும். இரவு ஒன்பது மணிக்குமேல் தொடங்கும் ஆட்டம் விடியற்காலையில்தான் முடியும். பெண் வேடங்களையும் பெரும்பாலும் ஆண்களே புனைந்தனர். தலைமை நாயகன் ராஜபார்ட், நாயகி வேடம் ஸ்திரீபார்ட், திருடன் வேடம் கள்ளபார்ட், நகைச்சுவையாளர் பபூன். சென்னை வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை நாடக அரங்கு போன்றவை நகரத்தாரின் பெரும் புகழ் பெற்றவை.

அங்கே நடுவர் யார்? மக்களே நடுவர். பாட்டுப் பிடித்துவிட்டால் ஒன்ஸ்மோர் என்று குரல் எழும்பும்; நடிகர் மீண்டும் பாடியாக வேண்டும். பிடிக்காவிட்டால் சீழ்க்கை பறக்கும். சில வேளைகளில் கல்லும் பறக்கும். இறந்து கிடக்கும் மன்னன் வேடக்காரர் ஒன்ஸ்மோர் கேட்டு எழுந்து பாடிவிட்டு மறுபடி இறந்த வேடிக்கைகளும் அக்காலத்தில் நிகழ்ந்ததாகக் கூறுவர். கூட்டத்தின் கைத்தட்டலே தீர்ப்பு என்றால் கலை எத்திசையில் செல்லும் என்பதற்கு இஃதொரு சான்று. கைத்தட்டலுக்காகக் கதையை மறப்பதும், பபூன் தகாத சொற்களை அள்ளி வீசுவதும், ராஜபார்ட் குடித்துவிட்டு மேடை ஏறுவதும் அன்று மலிந்திருந்தன. இந்நிலையில்தான் சுவாமிகள் மேடையைத் திருத்தும் பணியை மேற்கொண்டார்.

தமக்குத் தாமே அளித்த தீர்ப்பு

சுவாமிகள் நடிப்பைத் துறந்ததற்குக் காரணமாக இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவர். நளதமயந்தி நாடகத்தில் அவர் சனீசுவரனாக நடித்தார். உடல் முழுதும் கருமை பூசி, அஞ்சத்தக்க ஒப்பனையுடன் இரவு முழுதும் ஆடினார். ஆட்டம் முடிந்து, விடியுமுன் வேடத்தைக் கழுவும் பொருட்டு நீர்நிலைக்குச் சென்றார். அவ்வேளையில் துணி வெளுக்க வந்த பெண்ணொருத்தி, இருளில் எதிர்ப்பட்ட அவ்வுருவத்தைக் கண்டு அஞ்சி வீழ்ந்து உயிர் துறந்தாளாம். மற்றொரு முறை, சாவித்திரி நாடகத்தில் எமதருமனாக அவர் கர்ச்சித்து மேடையில் பாய்ந்தபொழுது, பார்த்துக்கொண்டிருந்த கருவுற்ற பெண்ணொருத்திக்கு அதிர்ச்சியால் கருச்சிதைவு ஏற்பட்டதாம்.

மற்றொருவராயின் இவற்றைத் தம் நடிப்புத் திறனுக்குக் கிடைத்த சான்றாகச் சொல்லிப் பெருமை அடித்திருக்கக் கூடும். சுவாமிகளோ மனம் கலங்கினார். ஓர் உயிருக்குத் தீங்கு விளைத்த நடிப்பு, அது எவ்வளவு சிறந்ததாயினும், தமக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார். அன்று முதல் வேடம் புனைவதை விட்டு, நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

மாணவர்களே! இந்நிகழ்ச்சியை நன்கு சிந்தியுங்கள். அரங்கம் முழுதும் கைத்தட்டிய நடிப்பை அவர் தம் மனச்சான்றின் முன் நிறுத்தி விசாரித்தார். வழக்காளியும் அவரே, நீதிபதியும் அவரே. அளித்த தீர்ப்பு தமக்கு எதிரானது. பிறரை மதிப்பிடும் தகுதி அத்தகையோருக்கே உண்டு.

துறவும் இசையும்

சிறிது காலம் சாமி நாயுடு என்பாரின் குழுவில் ஆசிரியராக இருந்த பொழுது, அவருக்கு உலக வாழ்வில் பற்று நீங்கியது. குழுவை விட்டு நீங்கி, முருகப் பெருமானின் திருத்தலங்களுக்கு யாத்திரை மேற்கொண்டார். இல்லறம் புகாது துறவுக் கோலத்தில் வாழ்ந்த அவரை அன்று முதல் சுவாமிகள் என்று அனைவரும் அழைக்கலாயினர்.

யாத்திரையின் இடையே புதுக்கோட்டையில் மான்பூண்டியா பிள்ளையைச் சந்தித்தார். கஞ்சிரா என்னும் தோற்கருவியைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மேதை அவர். தாளக் கணக்கில் அவரை வெல்வார் அன்று இலர் எனலாம். அவர் சுவாமிகளைத் தம் மகனாகவே ஏற்று அன்பு பாராட்டினார். அவரிடம் தங்கித் தாள நுட்பங்களைச் சுவாமிகள் கற்றுத் தேர்ந்தார். அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தங்கள் சுவாமிகளின் நாடகப் பாடல்களில் இடம் பெற்றமைக்கு இப்பயிற்சியே அடித்தளம். துறவு பூண்டவரை மீண்டும் நாடகப் பணிக்கு அழைத்து வந்ததும் மான்பூண்டியா பிள்ளையின் அன்பே ஆகும்.

பெரும் புலவராயிருந்தும், வயது முதிர்ந்த பின்னும், மற்றொருவரிடம் மாணவராய் அமர்ந்து கற்க அவர் நாணவில்லை. ஆசிரியராக இருப்போர் மாணவராகவும் இருத்தல் வேண்டும் என்னும் பாடத்தை நாமும் இதிலிருந்து கற்கின்றோம்.

எழுதிய நாடகங்கள்

சுவாமிகள் இயற்றிய நாடகங்கள் 40க்கும் மேற்பட்டவை. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், அல்லி அர்ஜுனா, நல்லதங்காள், பிரகலாதன், சிறுத்தொண்டர், சதி அனுசூயா, சுலோசனா சதி, லவகுசா, அபிமன்யு சுந்தரி ஆகியவை அவற்றுட் சில. இப்பெயர்களைக் கேட்டவுடன் நம் தோட்டத்து முதியோர் முகம் மலர்வதைக் காணலாம். கோயில் திருவிழா இரவுகளில் சாக்கு விரித்து அமர்ந்து, குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு பார்த்த கதைகள் அல்லவா இவை!

சுவாமிகளுக்கு முன்பு பல குழுக்களில் நடிகர்கள் மனம் போனபடி பேசினர். இன்ன இடத்தில் இன்ன பேச்சு என்னும் வரையறை இல்லை. சுவாமிகள் பாடலையும் உரையாடலையும் ஒழுங்குபட எழுதித் தந்தார். திருக்குறளையும் நாலடியாரையும் நன்னெறியையும் உரையாடலினூடே கோத்தார். பள்ளிக்கூட வாயிலை மிதியாத உழவரும் தொழிலாளரும் குறட்பாவை மேடையிலிருந்து கேட்டு மனத்தில் கொண்டனர். எனவே அவருடைய கொட்டகை ஒரு பள்ளிக்கூடமாகவே விளங்கியது என்பது மிகையாகாது.

இவ்வாறு பாடம் வரையறுக்கப்பட்டமையால் மற்றொரு நன்மையும் விளைந்தது. ஓர் ஊரிலிருந்து வள்ளியும், இன்னோர் ஊரிலிருந்து முருகனும், வேறோர் ஊரிலிருந்து நாரதரும், பபூனும் வந்து, ஒத்திகை எதுவுமின்றி ஒரே மேடையில் நடிக்க முடிந்தது. எல்லோரும் சுவாமிகளின் பாடத்தையே கற்றிருந்தனர். இதனை ஸ்பெஷல் நாடகம் என்பர். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இன்றும் கோயில் திருவிழாக்களில் இம்முறையில் வள்ளி திருமணம் நடைபெறுகின்றது. வள்ளியும் முருகனும் நாரதரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு மடக்கும் தருக்கமே அதன் உயிர்நிலை. கற்றவர் வெல்வர், கல்லாதவர் மேடையிலேயே தலைகுனிவர். இதனினும் கடுமையான தேர்வு உண்டோ?

சிறுவர்களை ஆக்கிய ஆசான்

1910ஆம் ஆண்டளவில் சுவாமிகள் சமரச சன்மார்க்க நாடக சபை என்னும் குழுவைத் தொடங்கினார். செங்கோட்டையில் 1906இல் பிறந்து, 1933இல் இருபத்தேழே வயதில் மறைந்த இசைச் செல்வர் எஸ். ஜி. கிட்டப்பா, சிறுவனாக இருந்தபொழுது பயிற்சி பெற்றது இச்சபையிலேயாகும்.

வயது வந்த நடிகர்களின் ஒழுங்கின்மை சுவாமிகளை வருத்தியது. குடிப்பழக்கம், நேரம் தவறுதல், ஆசிரியரை மதியாமை ஆகியவற்றால் நாடகம் கெடுவதைக் கண்டார். இளமையிலேயே முறையாகப் பயிற்றினால்தான் மேடை உருப்படும் என்று தெளிந்து, சிறுவர் மட்டுமே நடிக்கும் பாலர் குழுக்களில் கருத்தைச் செலுத்தினார். ஜெகந்நாத ஐயரின் பாலர் குழுவில் ஆசிரியராக இருந்த பின், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றக் காரணமாயினார். பெண் வேடத்தில் புகழ் பெற்ற கண்ணுசாமிப் பிள்ளையின் மைந்தர்கள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோர் அச்சபையில் சேர்ந்தனர். பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று தமிழுலகம் போற்றியது இவர்களைத்தான். அப்பொழுது சண்முகத்திற்கு ஆறு வயது. நம் பள்ளியில் முதலாம் ஆண்டுக்கு வருவதற்கும் முந்திய வயது!

அச்சிறுவனின் திறனைச் சுவாமிகள் கண்டுகொண்டார். அவனுக்கென்றே அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தைப் பாடல்களுடன் ஒரே இரவில் எழுதி முடித்தார். இச்செய்தியை அச்சிறுவரே முதுமையில், 1972இல் வெளிவந்த எனது நாடக வாழ்க்கை என்னும் நூலில் நன்றியோடு பதிந்துள்ளார். நாட்டில் தலைசிறந்த நடிகர்கள் பலர் இருக்க, ஒரு சிறுபிள்ளைக்காக ஒரு பெரும்புலவர் இரவு முழுதும் விழித்திருந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு பிள்ளையின் திறனைக் கண்டபின் அதற்கேற்ற பணியைச் செய்து கொடுப்பதே உண்மையான மதிப்பீடு. மதிப்பெண் எழுதுவது அதன் பின்னர்தான்.

பாலர் குழுவிற்குச் சிறுவர்களைத் தெரிவு செய்யும்பொழுது ஆசிரியர்கள் எவற்றை நோக்கினர்? குரல் சுருதியில் நிற்கிறதா, தாளம் தவறாமல் நடக்கிறதா, லகர ளகர ழகர வேறுபாடு நாவில் தெளிவாக வருகிறதா, கற்றதை மனத்தில் நிறுத்தும் ஆற்றல் உள்ளதா என்பனவே. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசியில் மண்தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்க வேண்டும். அழகான முகமும் பளபளக்கும் உடையும் பிறகே.

மறைக்கலாகாத மறுபக்கம்

பெருமையை மட்டும் கூறி அல்லலை மறைத்தல் வரலாறு ஆகாது. பாலர் நாடகக் குழுக்களின் வாழ்வு துன்பம் நிறைந்தது. வறுமையால் பெற்றோர் தம் சிறு பிள்ளைகளை ஒப்பந்தம் எழுதிக் குழுவில் விட்டனர். பலருக்குச் சோறும் துணியுமே ஊதியம். இரவெல்லாம் விழித்து நடித்து, பகலில் பாடம் கேட்டனர். பிரம்படி சாதாரணம். தாயைக் காண ஏங்கி இரவில் ஓடிப்போன பிள்ளைகளும் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதில் குரல் உடையும் மகரக்கட்டு வந்துவிட்டால், நேற்றுவரை கொண்டாடப்பட்ட ராஜபார்ட்டை இன்று கவனிப்பார் இல்லை. பள்ளிப் படிப்பும் இல்லை, தொழிலும் இல்லை.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், எம். ஆர். ராதா, எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் போன்றோர் பல்வேறு நாடகக் குழுக்களில் வளர்ந்து புகழின் உச்சியை அடைந்தனர் என்பது உண்மையே. ஆனால் பெயர் தெரியாமல் வாடிப் போனோர் எத்தனை பேர்! தோட்டப்புறத்துப் பெற்றோர்க்கு இவ்வேதனை புரியும். வறுமை காரணமாகப் பள்ளியை விட்டு, பெற்றோருடன் பால்வாளி தூக்கச் சென்ற பிள்ளைகள் நம்மிடையேயும் இருந்தனர். கலையாயினும் கூலியாயினும், பிள்ளையின் கல்வியை விலையாகக் கேட்கும் எதுவும் நமக்கு வேண்டாம். சுவாமிகளின் காலத்தில் நாடகக் கொட்டகையே ஏழைச் சிறுவனுக்குப் பள்ளி. இன்று நமக்குப் பள்ளி இருக்கின்றது. அதற்குள்ளேயே மேடையும் இருக்கின்றது. இரண்டையும் சேர்த்துப் பெறும் பேறு நம் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கின்றது.

இறுதி நாள்கள்

1921ஆம் ஆண்டில் சென்னையில் இருந்தபொழுது சுவாமிகளைப் பக்கவாத நோய் தாக்கியது. கை கால்கள் முடங்கின. நாவும் பேசும் ஆற்றலை இழந்தது. ஆயிரக்கணக்கான பாடல்களைப் பிறர் நாவில் ஏற்றிய அந்த நா மௌனமாயிற்று. தம் மாணவர்களுக்கு ஒரு சொல்லைத் திருத்திச் சொல்லவும் அவரால் இயலவில்லை.

ஓராண்டுக்கு மேல் துன்புற்று, 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் திங்கட்கிழமை இரவு புதுச்சேரியில் சுவாமிகள் இயற்கை எய்தினார். அப்பொழுது அவருக்கு வயது 55. புதுச்சேரியை அடுத்த கருவடிக்குப்பத்தில் அவருடைய நினைவிடம் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி மலர் தூவி வணங்குகின்றனர்.

ஆசிரியர் மறைந்தாலும் பாடம் மறையவில்லை. 1931இல் தமிழில் பேசும் படம் வந்த பின், வள்ளி திருமணம் 1933இலும், பவளக்கொடி 1934இலும் திரைப்படங்களாயின. பவளக்கொடி வழியாகவே எம். கே. தியாகராஜ பாகவதர் திரையுலகில் புகுந்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் தம் ஆசானின் பெயரைத் தம் வாழ்நாள் முழுதும் போற்றினர். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியும் இன்று சுவாமிகளின் பெயரையே தாங்கி நிற்கின்றது. கூத்தாடி என்று இகழப்பட்ட தொழிலைச் செய்தவரின் பெயர் ஒரு பல்கலைக்கழகத்தின் வாயிலில் பொறிக்கப்பட்டமை, தமிழ்க் கலைக்குக் கிடைத்த நீதியாகும்.

நம் மேடைக்கு அவர் காட்டும் அளவுகோல்

மாசாய் வட்டாரம் பெரிதும் மாறிவிட்டது. ரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற பல இடங்களில் குடியிருப்பும் தொழிற்சாலையும் வந்தன. பாசிர் கூடாங் துறைமுகமும் ஆலைகளும் நம் இளைஞர்களுக்கு வேலை அளிக்கின்றன. லயன் வீடுகள் குறைந்தன. லயத்து வாசலில் இரவு நாடகம் பார்த்த தலைமுறையும் குறைந்து வருகின்றது. இப்பொழுது ஒரு பிள்ளை தமிழில் உரத்துப் பாடவும் தருக்கம் பேசவும் எஞ்சியிருக்கும் மேடை, பெரும்பாலும் பள்ளி மேடையும் கோயில் மேடையுமே. அவ்விரண்டிலும் ஒலித்தட்டுப் பாட்டுக்கு வாயசைத்து ஆடுவதே போதும் என்று நாம் இருந்துவிட்டால், பிள்ளையின் சொந்தக் குரல் எங்கே ஒலிக்கும்?

ஆதலின் நடுவராக அமர்வோர்க்கும் கைத்தட்டும் பெற்றோர்க்கும் சில சொற்கள். விலை உயர்ந்த உடைக்கு மதிப்பெண் வேண்டாம். அது பிள்ளையின் திறன் அன்று, பெற்றோரின் பணப்பை. தெளிந்த உச்சரிப்புக்கு மதிப்பெண் அளிப்போம். தானே பாடும் குரலுக்கு, அது சிறிது நடுங்கினாலும், மதிப்பெண் அளிப்போம். இடையில் வரியை மறந்து திகைத்து நின்ற பிள்ளை, அழுதுகொண்டு ஓடாமல், மறுபடி முதலிலிருந்து எடுத்துப் பாடினால், அதற்குத் தனியே ஒரு மதிப்பெண் அளிப்போம். பிறரைப் புண்படுத்திச் சிரிக்க வைக்கும் நகைச்சுவை எவ்வளவு கைத்தட்டல் பெற்றாலும், அதற்குப் பரிசு வேண்டாம். ஒரு பெண்ணின் அச்சத்திற்காகத் தம் நடிப்பையே விட்ட பெரியாரின் வழி அது.

பரிசு பெறாத பிள்ளையைப் பெற்றோர் அன்று வீட்டில் ஏசுதல் கூடாது. பால் வெட்டிய கையும், குலை சுமந்த தோளும், ஆலையில் இரவுப் பணி முடித்த கண்ணும் களைத்திருப்பதை நாம் அறிவோம். ஆயினும் அன்றிரவு பிள்ளையை அருகில் அழைத்து, மேடையில் பாடிய பாட்டை வீட்டில் ஒருமுறை பாடச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடம், எந்தக் கோப்பையினும் பெரிய பரிசாகும்.

மாணவச் செல்வங்களே! உப்பளத்துக் கணக்கராயிருந்த ஒருவர் தம் புலமையால், உழைப்பால், ஒழுக்கத்தால் தமிழ் நாடகத்திற்கே ஆசானாக உயர்ந்தார். அவர் நமக்கு விட்டுச் சென்றது பணமோ நிலமோ அன்று. தெளிந்த தமிழும் அதனை மேடையில் பேசும் துணிவுமே ஆகும். அடுத்த ஆண்டு விழாவிற்கு வள்ளி திருமணத்திலிருந்து ஒரு சிறு காட்சியையேனும் நம் பிள்ளைகள் தம் சொந்தக் குரலில் நடிக்க வேண்டும் என்பது நம் விருப்பம். வள்ளி வேடத்திற்கும் நாரதர் வேடத்திற்கும் பெயர் கொடுக்க விரும்புவோர் தத்தம் வகுப்பாசிரியரை அணுகலாம். அக்காலப் பாடல்களை நினைவில் வைத்திருக்கும் தாத்தா பாட்டிமார் பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்குக் கற்றுத் தருமாறு அன்புடன் அழைக்கின்றோம்.

வாழ்க சுவாமிகள் புகழ்! வளர்க தமிழ்!